புல எண்களாகச் சிதறும் கிராமம்

தமிழ்நாட்டின் எந்த வருவாய்க் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும், அங்குள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு புல எண் உண்டு. அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் ‘அ’ பதிவேடும், அதன் எல்லைகளைப் புலப்படமும், அதில் என்ன விளைந்தது என்பதை அடங்கலும் சொல்லிவிடும். ஆனால், அந்த ஊரின் நிலம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, இனிவரும் ஆண்டுகளில் எங்கே பயிர் நிற்க வேண்டும், எங்கே வீடு எழலாம், எந்த வழியாக நீர் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவைக்கும் ஆவணம், அதாவது நிலப் பயன்பாட்டுத் திட்டம், மிகப் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட பதிவேடே நூறாண்டுகளுக்கு மேலாகத் திட்டத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும், அது அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதன்று என்பதும்தான் இன்றைய ஊரக நிலமாற்றத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரயத்துவாரி முறையில், அரசு இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு உழவரிடமிருந்தும் நேரடியாகத் தீர்வை, அதாவது நிலவரி, வசூலித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர்தோறும் நிலம் அளக்கப்பட்டபோது, பாசன வசதியுள்ள நிலம் நஞ்சையாகவும் மழையையோ கிணற்றையோ நம்பிய நிலம் புஞ்சையாகவும் பிரிக்கப்பட்டு, மண்ணின் தரத்துக்கேற்பத் தீர்வை விதிக்கப்பட்டது. தீர்வை விதிக்க முடியாத ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், களம், வண்டிப்பாதை, மயானம் ஆகிய அனைத்தும் புறம்போக்கு என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தன. குடியிருப்பு நிலம் நத்தம் எனப்பட்டது. வருவாய் தராத நிலம் என்பது கணக்குப்பிள்ளையின் பார்வை மட்டுமே; ஊரின் பார்வையில் மற்ற நிலங்களை விளையவைத்ததே அந்தப் புறம்போக்குதான்.

இதற்கு ஏரிப்பாசனத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் உள்ளன. மேட்டு நிலத்தில் பெய்த மழை ஓடைகளாகத் திரண்டு, வரத்து வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்து, மதகு வழியாக ஆயக்கட்டு எனப்படும் பாசன வயல்களுக்குப் பாய்ந்து, மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேரும் இந்த அமைப்பில், ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனிழக்கும். ஆனால், பதிவேட்டில் ஏரிக்கு ஓர் எண், வாய்க்காலுக்கு ஓர் எண், வயலுக்கு ஓர் எண் என இவை தனித்தனியாகவே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை நம்பியிருக்கிறது என்பதைச் சொல்ல அதில் பத்தியே இல்லை. ஏரிக்கு நீர் தரும் மேட்டுப் புஞ்சை தனியார் பட்டாவில் இருந்தால், அது நீர்பிடிப்புப் பகுதி என்ற குறிப்பு அங்கே காணக் கிடைக்காது. ஆகவே, அந்தப் புஞ்சையைச் சமப்படுத்திச் சுற்றுச்சுவர் எழுப்புபவர் எந்த ஆக்கிரமிப்பும் செய்யாதவராகவே இருப்பார். ஏரி மட்டும் வறண்டுபோகும். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென 2007இல் ஒரு சட்டம் வந்தது. ஏரியின் கரைக்குள் அதன் கை நீளும், கரைக்கு அப்பாலுள்ள நீர்பிடிப்பைக் காப்பது அதன் வேலையன்று.

பழைய ஊரமைப்பைப் பொற்காலமாகப் பேசுவதிலும் பொருளில்லை. ஊர் ஒரு பக்கமும் சேரி மறுபக்கமுமாக நத்தமே சாதிவாரியாக வகுக்கப்பட்டிருந்தது. நீரும் மேய்ச்சலும் பொதுவாக இருந்தபோதும், அவற்றின் மீதான உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும், அவற்றைப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவற்றில் பெரும்பகுதி கைமாறியதும் இந்த வரலாற்றின் பகுதிகளே. புறம்போக்கில் குடிசை போட்டவர்களில் பலர் வேறெங்கும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் என்பதை மறந்துவிட்டு ஆக்கிரமிப்பைப் பற்றி மட்டும் பேசினால், திட்டம் என்ற பெயரில் பழைய அநீதியே மறுபடி எழுதப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாற்றம் முதலில் கிணற்றின் வழியாக வந்தது. மின்மோட்டாரும் பின்னர் ஆழ்துளைக் கிணறும் பரவியதால், வசதியுள்ள உழவர் ஏரியை எதிர்பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. தேவை குறைந்த இடத்தில் வாய்க்கால் தூர்வாரும் கூட்டு உழைப்பும் தளர்ந்தது. தண்ணீருக்கான முடிவு ஊரிடமிருந்து தனியரிடம் போனபோதே, நிலத்துக்கான முடிவும் அதே வழியில் போகத் தொடங்கிவிட்டது எனலாம். மாநிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 130 லட்சம் ஹெக்டேர். அதில் 1970களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த நிகர சாகுபடிப் பரப்பு இன்று 50 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இப்படி விலகிய நிலம் அனைத்தும் கட்டடமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. அதில் கணிசமான பங்கு புள்ளியியல் ஏடுகளில் தரிசு என்ற கணக்கில் கிடக்கிறது. உழுதால் கட்டுபடியாகாததால் போட்டுவைத்த நிலமும், விலை ஏறும் என்று காத்திருக்கும் நிலமும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

காத்திருக்கும் நிலம் மனையாகும் விதம் ஊரகத்தில் அனைவருக்கும் தெரிந்ததே. சாலையோர வயல் ஒன்று விற்கப்பட்டு, கல் நடப்பட்டு, கிராவல் கொட்டி மேடாக்கப்படுகிறது. அதன் குறுக்கே ஓடிய கால்வாய் அடைபட, அதற்கு அப்பாலுள்ள வயல்களுக்குத் தண்ணீர் வருவதும் வடிவதும் நின்று, இரண்டு மூன்று போகம் நட்டப்பட்ட பிறகு அந்த உழவரும் விற்பதைத் தவிர வேறு வழியின்றி நிற்கிறார். பிறகு அவருடைய நிலம் ‘சாகுபடி இல்லாத நிலம்’ என்றே விண்ணப்பத்தில் எழுதப்படும். விருப்பப்பட்டு விற்றவர் ஒருவர், விற்க வைக்கப்பட்டவர்கள் பலர் என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் கணக்கு காட்டாது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்றால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையுமே முதன்மையாக மனத்தில் கொண்டது. அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளுக்கு முழுமைத் திட்டம் உண்டு. அவற்றுக்கு வெளியே இருக்கும் ஊர்கள் ‘திட்டமில்லாப் பகுதி’ என்ற பெயரிலேயே அடங்கிவிடுகின்றன. அங்கே ஊராட்சி ஒப்புதல் என்ற பேரில், உரிய அதிகாரமில்லாத கையொப்பங்களோடு மனைப்பிரிவுகள் பல்கிப் பெருகிய நிலையில்தான், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20ஆம் நாளை எல்லையாகக் கொண்டு, அதற்கு முந்தைய மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்களைக் கைவிட முடியாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் வரன்முறை மனைக்குத்தான் கிடைத்ததே தவிர, அடைபட்ட வாய்க்காலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான விதிகளும் 2017இல் வகுக்கப்பட்டு, நஞ்சையானால் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படுகிறது. அதுவும் ஒவ்வொரு விண்ணப்பமாக, ஒவ்வொரு புல எண்ணாகவே பார்க்கப்படுகிறது.

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வட்டாரத்தையே ஒன்றாகப் பார்த்தது என்பதால் வரவேற்கத்தக்கது. எண்ணெய், எரிவாயு அகழாய்வு, உருக்காலைகள், தோல் பதனிடுதல் போன்றவற்றை அது புதிதாக வரவிடாது. எனினும், படுகையின் வயல்களை நாள்தோறும் அரித்துவரும் சாலையோர மனைப்பிரிவு அதன் தடைப்பட்டியலில் சேரவில்லை. இதற்கு நேர்மாறான திசையில், நீர்நிலைகளை உள்ளடக்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைத்துத் தர வழிசெய்யும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. ஒரே மாநிலம், மூன்றாண்டு இடைவெளி.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியை முயன்றது. 1970களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு சுமார் 2 லட்சமாகச் சுருங்கிய பிறகு, அங்கே 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஊராட்சித் தலைவர் தலைமையில் வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் உழவர்களின் பிரதிநிதிகள் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு, எது வயல் என்ற தரவுத் தொகுப்பைத் தானே தயாரித்தது. தொகுப்பில் விடுபட்ட நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்ற 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வாசல் திறந்துவிட்டது உண்மையே. ஆயினும், ஊர் தன் வயல்களின் பட்டியலைத் தானே எழுதுவது என்ற நடைமுறை அங்கே ஒருமுறை நிகழ்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுதோறும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் தெருவிளக்கு, சிமெண்ட் சாலை, குடிநீர்த் தொட்டி ஆகிய பணிகளின் பட்டியலாக முடிந்துவிடுகிறது; நிலப்படம் சபையில் விரிக்கப்படுவது அரிது. இத்தனைக்கும், நிலப் பயன்பாட்டை வரைபடமாக வகுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2016இலேயே வெளியிட்டிருக்கிறது. ஏரியின் நீர்பிடிப்பு ஓர் ஊராட்சியிலும் ஆயக்கட்டு இன்னோர் ஊராட்சியிலுமாக இருப்பதால், தனி ஊராட்சி மட்டும் திட்டமிட்டால் போதாது என்ற சிக்கலும் உண்டு. ஒரே சங்கிலியில் இணைந்த ஏரிகளின் ஊர்கள் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

இப்போதுள்ள போக்கில், முழுமைத் திட்டம் ஒரு கிராமத்தை எட்டுவது பெரும்பாலும் அந்தக் கிராமம் நகரத்துக்குள் இழுக்கப்படும் வேளையில்தான். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிக்கரை ஊர்கள் பல அதற்குள் வந்தன. பிற இடங்களில் ஊராட்சிகள் நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணைக்கப்படும்போது கிராம சபையே இல்லாமல் போகிறது. இணைப்பை எதிர்க்கும் ஊர்கள் வரி உயர்வையும் ஊரக வேலைத்திட்டம் கைவிட்டுப் போவதையும் முன்வைத்துப் பேசுகின்றன. தங்கள் நிலத்தைப் பற்றிக் கூடிப் பேசுவதற்கான ஒரே சபையும் அதோடு போய்விடும் என்பது அந்த மனுக்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.