துருவும் தேய்வும்

வயலில் ஓடும் கொழு வெள்ளிபோல் மின்னும். கொட்டிலிற் கிடக்கும் கொழு துருவேறும். இரும்புக்குரிய இந்நியதி மனித உடலுக்கும் உண்டா? நெடுங்காலம் ஒதுங்கியிருந்த குத்துச்சண்டை வீரர் ஒருவர் மீண்டும் அரங்கேறும்போதெல்லாம் இரசிகரிடையே எழும் வினா இது. நம் மாணவர் சிலரும் அண்மையில் இதனையே நம்மிடம் கேட்டனர். முகம்மது அலியின் வரலாற்றைக் கொண்டு விடை காண முயல்வோம்.

1967 மார்ச் 22ஆந் திகதி நியூயோர்க்கில் சோரா பொலியை ஏழாஞ் சுற்றில் வீழ்த்தியபோது அலிக்கு வயது 25. அதுவரை அவரை வென்றவர் எவருமிலர். அடுத்த மாதம், வியட்நாம் யுத்தத்தின்போது படையிற் சேர மனச்சாட்சி இடந்தராது என அவர் மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, சண்டையிடும் அனுமதியும் மறுக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீடு காரணமாக வெளியே இருந்தார். மூன்றாண்டும் ஏழு மாதமும் அவர் அரங்கேறவில்லை.

1970 ஒக்டோபர் 26ஆந் திகதி அற்லாண்டா நகரில் ஜெரி குவாரியை எதிர்த்தார். குவாரியின் கண்ணருகே வெட்டுக்காயம் ஏற்பட, மூன்று சுற்றுகளுடன் போட்டி முடிந்தது. “துரு எங்கே?” என ஆர்ப்பரித்தனர் அன்பர்கள். ஆனால் டிசெம்பரில் ஒஸ்கார் பொனவேனாவை வீழ்த்தப் பதினைந்தாஞ் சுற்றுவரை பாடுபட வேண்டியதாயிற்று. 1971 மார்ச் 8ஆந் திகதி ஜோ பிறேசியரின் இடக்கைக் குத்து அவரைத் தரையிற் சாய்த்தது; புள்ளிகளால் முதற்றோல்வியும் கண்டார்.

துரு எங்கே படிகிறது? கையில் அன்று, கண்ணிலும் கணிப்பிலுமே. ஓடிப் பழகினால் மூச்சு மீளும். மணற்பையைக் குத்தினால் தசை இறுகும். ஆனால் எதிரியின் தோள் அசையும் கணத்திலேயே குத்து எங்கு வருமென்று உணர்வதும், ஓரங்குலத்தால் விலகுவதும் மெய்யான போட்டியிலன்றித் திரும்பக் கைவருவதரிது. தலைக்கவசம் அணிந்த பயிற்சித் தோழன் வீழ்த்தவேண்டுமென்று குத்துவதில்லையன்றோ?

இனி, துருவையும் தேய்வையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. சுகர் றே றொபின்சன் 1952 டிசெம்பரில் ஓய்வுபெற்று, 1955 சனவரியில் மீண்டார். அம்மாதமே ‘ரைகர்’ ஜோன்ஸிடம் படுதோல்வியுற்றார். ஆயினும் தொடர்ந்து போரிட்டு, அவ்வாண்டு டிசெம்பரில் போபோ ஒல்சனை இரண்டாஞ் சுற்றிலேயே வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டார். அவருக்கு நேர்ந்தது துரு, உரசியதும் அகன்றது.

ஜோ லூயிஸின் கதை வேறு. ஈராண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், 1950இல், தமது 36ஆம் வயதில் எசாட் சாள்ஸிடம் தோற்றார். பின்னர் தொடர்ந்து எட்டு வெற்றிகள் ஈட்டினார். துரு மட்டுமாயின் அவ்வெட்டும் அதைத் துடைத்திருக்கும். ஆனால் 1951 ஒக்டோபரில் றொக்கி மார்சியானோ அவரை எட்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். அது தேய்வு, தேய்ந்த கொழுவை எந்த உழவும் வளர்ப்பதில்லை.

அலியிடம் இரண்டும் கலந்திருந்தன. கணிப்பு மீண்டது, நடனமிட்ட கால்களின் பழைய வேகம் முற்றாக மீளவில்லை. அவர் இழந்ததை எண்ணி அழவில்லை. எஞ்சியதைக் கொண்டு வேறொரு வித்தை கற்றார். 1974 ஒக்டோபர் 30ஆந் திகதி கின்ஷாசாவில், தம்மினும் ஏழு வயது இளையவரான ஜோர்ஜ் போர்மன் களைப்புறும்வரை கயிற்றிற் சாய்ந்து குத்துகளைத் தாங்கி, எட்டாஞ் சுற்றில் அவரை வீழ்த்தினார்.

1971 யூன் 28ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. பெயர் மீண்டது; 25 முதல் 28 வரையான வயதை எந்த நீதிமன்றம் மீட்டுத்தரும்? அவ்விலையைத் தெரிந்தே கொடுத்தார் என்பதில்தான் அவரது பெருமை உள்ளது.

கல்வியை இடையில் விட்டு மீள்வோரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். முதல் மாதத் தடுமாற்றம் கண்டு, ‘இனி நமக்கு வராது’ என ஏடுகளை மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் அது துருவே. உழத் தொடங்குங்கள், கொழு மீண்டும் மின்னும்.