உள்ளச் சோர்வும் உடலின் தொழிற்பாடும்

விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் முதலில் தேடுவது தம் வகுப்புத் தோழரின் முகங்களையே. அவ்வாறு தேடுங்கால், அழைப்புக்கு மறுமொழி விடுக்காது வீட்டினுள் ஒடுங்கிவிட்ட ஒருவரையேனும் நாம் நினையாதிருத்தல் அரிது. அவரைச் சோம்பரென்றும் மனவுறுதி அற்றவரென்றும் ஊரார் கூறுவர். இரு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் சோர்வு நீடித்து, உறக்கமும் உணவும் ஊக்கமும் குன்றுமாயின், அஃது உடலிலும் வேரூன்றிய நோயாதல் கூடும். அதன் இயல்பைச் சுருங்க விளக்குதலே நம் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தி வேரும் துணைசெய்தது. அதிலிருந்து 1952ஆம் ஆண்டிலே சுவிற்சலாந்து விஞ்ஞானிகள் றிசர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்காக அதனை உண்டோருட் சிலர் கடுஞ் சோர்வுற்றனர் என வைத்தியர்கள் எழுதினர். நரம்புக்கலங்கள் தம்முட் செய்தி பரிமாறுதற்கு வேண்டிய செரட்டோனின், நோரதிரீனலின் முதலிய பொருள்களை அம்மருந்து வறளச் செய்தது. அதே காலத்திற் சயரோகத்துக்கு அளிக்கப்பட்ட இப்புரோனயசிட் என்னும் மருந்தோ, அப்பொருள்களை அழியாது காத்து, நோயாளரை உற்சாகமுறச் செய்தது. எனவே, அவற்றின் குறைவே சோர்வுக்குக் காரணமென 1960களில் அறிஞர் பலர் கருதினர்.

இக்கருத்து முழுமை பெறவில்லை. மருந்துண்ட சில மணி நேரத்தில் அப்பொருள்கள் பெருகுகின்றன. உள்ளம் தேறுவதற்கோ வாரங்கள் செல்கின்றன. நோயாளர் யாவரிடத்தும் அக்குறைவு காணப்படவுமில்லை. ஆகவே ஆராய்ச்சி வேறு திசையிலும் சென்றது.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கின. அத்தகைய இடர் வருங்கால் அபாயச் சங்கு ஊதுவதும், இடர் நீங்கியதும் ஓய்வதும் முறை. நம் உடலிலும் இவ்வாறான ஏற்பாடு உண்டு. துன்பம் நேர்ந்ததும் மூளையின் அடிப்பகுதி கபச்சுரப்பியை ஏவுகிறது. அது சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகளை ஏவுகிறது. அவை கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. போதியளவு கலந்ததும் மூளை அதனையுணர்ந்து ஏவலை நிறுத்தவேண்டும். கடுஞ் சோர்வுற்றோர் பலரிடம் அது செவ்வனே நிகழ்வதில்லை. விமானம் மறைந்த பின்னும் சங்கு ஊதிக்கொண்டேயிருக்கிறது.

நினைவுக்கு உரியதும் அவ்வேவலை அடக்க உதவுவதுமான மூளைப்பகுதி ஹிப்போகாம்பஸ் எனப்படும். நெடுநாள் மிகுந்த கோட்டிசோல் அதனைப் பாதிக்குமென விலங்குகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பலமுறை நோயுற்ற மனிதரிடத்தும் அது சற்றுச் சிறுத்திருத்தல் காணப்பட்டுள்ளது. சிகிச்சையினால் நரம்புக்கலங்களின் இணைப்புகள் மெல்ல மீள்கின்றன எனவும், தேறுதற்கு வாரங்கள் செல்வது அதனாலேயே எனவும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.

நோயின் போக்கிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. முதன்முறை அது பெரும்பாலும் பெருந்துயரைத் தொடர்ந்தே வரும். பின்னர் வருவதற்குச் சிறு துயரும் போதுமென அமெரிக்க அறிஞர் றொபேட் போஸ்ட் 1992இல் விளக்கினார். வெள்ளம் ஒருமுறை அறுத்த தடத்திலே மறுமுறை நீர் எளிதில் ஓடுமன்றோ! முதன்முறை நோயுற்றோருள் ஏறக்குறைய அரைப்பங்கினர்க்கு அது மீண்டும் வருகின்றது.

2009 வரை நீண்ட போரையும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்டது நம் மாவட்டம். பெருந்துயருற்றோர் நம்மிடையே பலர். ஆதலின், முதற்சோர்வு தோன்றும்போதே வைத்தியரை நாடுதல் வேண்டும். தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர்தல் பொதுவான முறை. தாமாகவே திடீரென நிறுத்துதல் தீது. உயிரை வெறுத்துப் பேசுவோரைத் தனியே விடலாகாது. 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தை அழைத்தும் உதவி பெறலாம்.

விழாவுக்கு வாராத அத்தோழரின் வீடு நமக்குத் தெரியும். அறிவுரை கூறாது அவர் அருகிலே சற்று அமர்வோம். பின்னர் வைத்தியசாலைக்கு அவருடன் நாமும் செல்வோம்.