கிடைக்காததைக் கொடுப்போம்

எங்கள் காலனி சமுதாயக்கூடத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு இரவுப் பாடசாலை தொடங்கும். போன மாதம் ஒரு நாள், நான்காம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. அவனுடைய அம்மா பக்கத்துப் பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளி உக்காருடா" என்று அவனிடம் சொல்லியிருக்கிறான். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

பெரியவனைத் தனியாக அழைத்துக் கேட்டோம். வெகு நேரம் தலை நிமிரவில்லை. பிறகு அழுதுகொண்டே சொன்னான்: "பள்ளிக்கூடத்துல என்னைய அப்படித்தான் சார் சொல்றாங்க."

பகலில் வாங்கிய அடியைச் சாயங்காலம் தன்னைவிடச் சின்னவனிடம் இறக்கி வைத்திருக்கிறான். அவன் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மீதே வந்தது. சேரிக்குள்ளேயே ஒரு தெரு இன்னொரு தெருவை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தவர்கள் நாங்கள்தானே? சாதி என்பது படிக்கட்டு. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்க இன்னொரு படியைக் காட்டி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை மேடையில் பேசுகிறோம். நம் சமுதாயக்கூடத்தின் பாயில் அந்தப் படிக்கட்டு இருந்ததைக் கவனிக்கவில்லை.

எங்களில் நாற்பதைக் கடந்தவர் யாரைக் கேட்டாலும் பள்ளிக்கூடக் கதை ஒன்று இருக்கும். பானையைத் தொடாமல் தள்ளி நின்று, கைகளைக் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த கதை. உதவித்தொகைப் பட்டியலுக்காக "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பில் நிற்க வைத்த கதை. நின்ற அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு, அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டாளி 'காலனிக்காரன்' என்று கூப்பிடத் தொடங்கிய கதை. அந்த வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிலர் குடியில் கரைத்தார்கள். சிலர் வீட்டில் மனைவி மக்கள் மீது இறக்கினார்கள். சிலர் ஊரையே மறந்து நகரத்தில் ஒளிந்துகொண்டார்கள். நமக்கு முன்னால் நடந்தவர்கள் வேறு ஒரு வழியையும் காட்டியிருக்கிறார்கள்.

செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூர்க் கலாசாலையில் படித்தபோது, சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சிநேகமாகப் பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்தார். அதனால் வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். அவர்களோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதை, 1939-இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

சாதி தெரிந்துவிடுமோ என்று ஓடி ஒளிந்த அந்தப் பிள்ளைதான் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ஆள் வராத நேரம் பார்த்து நடந்தவர்தான், 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார்.

அம்பேத்கரின் கதையும் இதுதான். சாத்தாரா பள்ளியில் அவர் உட்காரக் கோணித் துணி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மாலையில் அதை வீட்டுக்கே எடுத்துவர வேண்டும். பள்ளியின் கூட்டும் ஆள்கூட அதைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. 1901-இல் கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடு புறப்பட்ட பயணத்தில், கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பிள்ளைகள் பட்டினியாகவே ராத்திரியைக் கழித்தார்கள்.

1927 மார்ச் 20-ஆம் தேதி மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கானவர்களோடு அவர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கோணியில் உட்கார வைக்கப்பட்டவர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மும்பையில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. அதன் கதவு எந்தச் சாதிப் பிள்ளைக்கும் மூடப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தனக்கு எது மறுக்கப்பட்டதோ, அதையே அவர் எல்லோருக்கும் கொடுத்தார். தண்ணீர் மறுக்கப்பட்டவர் தண்ணீருக்கு வழி திறந்தார். பலகை மறுக்கப்பட்டவர் கல்லூரி கட்டினார். நாம் அன்பு என்று சொல்வது இதைத்தான்.

அன்பு என்றால் அடித்தவனை மன்னித்துவிட்டுச் சும்மா இருப்பது என்று யாராவது சொன்னால், ஏற்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். வகுப்பறைக் கேலி அரிவாள் வரைக்கும் வரும் என்று அந்த ஊர் நமக்குக் காட்டியது. அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒரு நபர் குழு, சாதியைக் காட்டும் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் கொடுத்தது. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்பதும் நம் வேலை. பலர் முன்னால் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பள்ளியில் அப்படி நடந்தால் வீட்டில் சொல்லுங்கள். நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நியாயம் கேட்பது ஒரு கை. கொடுப்பது மறு கை. இரண்டும் நமக்கு வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பையனுடைய பள்ளிக்கு அவன் அப்பாவோடு நாங்களும் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினோம். அதுவரைக்கும் அவனுக்காக ஒருவரும் அந்தப் படியேறியதில்லை. திரும்பி வரும்போது அவனிடம் ஒன்றுதான் கேட்டோம்: "உனக்காக நாங்க வந்தோம். அந்தச் சின்னப் பையனுக்காக யாரு போறது?"

படியில் உட்கார்ந்தவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் பெரியவன் அவன் வீட்டுக்குப் போனான். என்ன பேசினான் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இருவரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சின்னவன் இன்னும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறான். முழுதாக ஆறவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. ஆனால் பெரியவனும் இப்போது முன்வரிசையை விட்டுக் கடைசிக்கே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறான்.

படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் யாரோ ஒரு பிள்ளை தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நாளைக்கு உங்கள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத்தான் தெரியும்.