காவும் காவலும்

நாகர்கோவிலுக்கு அந்தப் பெயரைத் தந்த நாகராஜா கோயிலின் மூலஸ்தானத்திற்கு இன்றளவும் ஓலைக் கூரைதான். வானளாவிய கோபுரங்களுக்கும் கருங்கல் விமானங்களுக்கும் பேர்போன தென்னாட்டில், ஒரு மாவட்டத் தலைநகருக்கே பெயர் கொடுத்த தெய்வம், ஆண்டுதோறும் புதிதாக வேயப்படும் ஓலையின் நிழலில், ஈரம் கசியும் வெறும் மண்ணில் எழுந்தருளியிருப்பதையும், அந்த ஈரமண்ணையே அள்ளிப் பக்தர்களின் கையில் பிரசாதமாகத் தருவதையும் முதன்முறையாகக் காண்கிறவர்கள் சற்றே திகைத்து நிற்பதுண்டு. புல்லறுக்க வந்த பெண்ணொருத்தியின் அரிவாள் பட்டு ஒரு கல்லிலிருந்து உதிரம் பெருகிற்றென்றும், அந்த இடமே சந்நிதியாயிற்றென்றும் ஐதீகம். தூண்களிலே மகாவீரரும் பார்சுவநாதரும் செதுக்கப்பட்டிருப்பதை நோக்கினால், சமணரும் ஒரு காலத்தில் இந்த ஸ்தலத்தைப் போற்றியிருக்கிறார்கள் என்பது விளங்கும். யார் போற்றியிருந்தாலும், ஆதியில் இது புல்லும் நீரும் பாம்பும் மண்டிக் கிடந்த ஒரு காவாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

‘கா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குச் சோலை என்று பொருள். அதே எழுத்து, ‘காப்பாற்று’ என்னும் ஏவலாகவும் நிற்கும். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லவர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குன்றுகளையும் கோட்டைகளையும் குளங்களையும் பல ஆண்டுகளாகக் கால்நடையாகவும் பஸ்ஸிலும் சென்று பார்த்து வருகிற எனக்கு, அவ்விரு பொருளும் ஒன்றேதான் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. இந்தப் பிரதேசத்தில் எங்கெல்லாம் பசுமை பிழைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் அதற்கு ஒரு காவல் இருந்திருக்கிறது. ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் அரசன், ஓரிடத்தில் உழவன்.

தெய்வம் காவல் நின்ற இடங்களுள் மருந்துவாழ் மலையை முதலில் சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில், பொற்றையடிக்கு அருகே, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே இந்த மலை நிற்கிறது. குஜராத் எல்லைக்கு அருகே தொடங்கித் தெற்கு நோக்கி ஓடிவரும் மேற்குத் தொடர்ச்சி மலை, சமுத்திரத்தைக் காண்பதற்கு முன் கடைசியாகத் தலைநிமிர்ந்து பார்க்கும் இடம் இதுவே எனலாம். சஞ்சீவி பர்வதத்தைச் சுமந்து இலங்கைக்குச் சென்ற அனுமனின் கையிலிருந்து சிதறிய துண்டு இது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மலையின் பெயரே அதற்குச் சாட்சி என்பார்கள். ஸ்ரீ நாராயண குரு, உலகம் அவரை அறிந்துகொள்வதற்கு முன்பு, இம்மலையிலுள்ள பிள்ளைத்தடம் என்ற குகையில் தவமிருந்தார். படியேறுகிறவர்களில் பலர் இன்றும் அந்தக் குகை வாயிலில் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே செல்கிறார்கள். உச்சியில் நின்று பார்த்தால், ஒரு புறம் நீலக்கடல், ஒரு புறம் தென்னந்தோப்புகளின் கரும்பச்சை, அவற்றிடையே வெயிலில் மின்னும் குளங்கள், வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகள் என்று இப்பிரதேசமாகிய நாஞ்சில் நாடு முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுவிடலாம். அதிகாலையில் ஏறத் தொடங்குவது உத்தமம். பாறை சூடேறிய பின் இறங்குவது கடினம்.

அரசன் காவல் நின்ற இடம் உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 14 கி.மீ. தொலைவில், புலியூர்க்குறிச்சியில் இது இருக்கிறது. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே செல்லும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இறங்குவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

இந்தக் கோட்டையின் சரித்திரம் ஒரு நாவலுக்குரிய விசித்திரம் கொண்டது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குளச்சலில் நடந்த போரில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றுப் போனார்கள். கைதானவர்களுள் டிலனாய் என்பவர் ஒருவர். பகைவனின் கைதியாக வந்த அந்த மனிதர், மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, அவருடைய படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, முன்பே இங்கிருந்த கோட்டையைக் கருங்கல்லால் வலுவாக எடுத்துக்கட்டி, உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறையும் அமைத்து, ‘வலிய கப்பித்தான்’ என்ற பட்டத்தோடு வாழ்ந்து, 1777இல் இந்த மதிலுக்குள்ளேயே அடக்கமானார். மன்னரின் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தது இந்த டிலனாயிடம்தான். தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் உயிர்நீத்த அவரை, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் போப்பாண்டவர் புனிதராக அறிவித்தார்.

டிலனாயின் கல்லறை கோட்டைக்குள் கூரை இழந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் இருக்கிறது. கல்லின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். நான் சென்ற ஒரு நாள், முந்திய இரவு பெய்த சாரலில் அந்தக் கல் நனைந்து கறுத்து, எழுத்துகளின் பள்ளங்களில் நீர் தேங்கியிருந்தது. மேலே கூரை இருக்க வேண்டிய இடத்தில் மரக்கிளைகள் கவிந்து, பழுத்த இலைகள் ஒவ்வொன்றாகக் கல்லறையின் மேல் விழுந்துகொண்டிருந்தன. எங்கேயோ வடதேசத்தில் பிறந்து, குமரிக்கு அருகே வந்து மடிந்த மனிதருக்கு, அந்த மரங்களே தினந்தோறும் மலர்சாத்தும் கைங்கர்யத்தைச் செய்துவருவது போல எனக்குத் தோன்றிற்று.

1809இல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கடந்து உள்ளே நுழைந்தபோது, உதயகிரியும் அதன் கைக்குப் போயிற்று. பீரங்கியின் காலம் முடிந்தது. மதில் மட்டும் நின்றது. அந்த மதில் நின்றதால், சுற்றிலும் வீடுகளும் கடைகளும் பெருகிய பிறகும், உள்ளே இருந்த குன்றும் மரங்களும் மிஞ்சின. இன்று வனத்துறையினர் இதைப் பல்லுயிர்ப் பூங்காவாகப் பேணி வருகிறார்கள். பகைவரைத் தடுப்பதற்காக எழுப்பிய சுவர், எழுப்பியவர்கள் நினைத்தும் பாராத வகையில், ஒரு சிறு காட்டைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே நூறு அடி நடந்தால், வெயிலின் நிறமே மாறிவிடுகிறது. பின்னணியில் வள்ளியை முருகன் மணந்ததாகச் சொல்லப்படும் வேளிமலை நிற்கிறது.

திற்பரப்பு அருவி, உலக்கை அருவி, காளிகேசம் ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே விரித்து எழுதவில்லை; அவற்றுக்கு ஏற்கனவே கூட்டம் போதும். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இம்மாவட்டத்து மலைக்காடுகளோ, காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் பூர்வீக வாசஸ்தலம். அங்கே அனுமதியின்றிச் சுற்றுவது முறையன்று.

இனி உழவன் காவல் நின்ற இடங்களுக்கு வருகிறேன். நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய இந்த நாட்டுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகின்றன. ஆகவே, புரட்டாசியான கன்னி மாதத்தை ஒட்டி அறுக்கும் கன்னிப்பூவும், மாசியான கும்ப மாதத்தில் அறுக்கும் கும்பப்பூவுமாக இரு போகம் நெல் விளைந்தது. மழை இரண்டு முறை வந்தாலும், அதைத் தேக்கி வைக்க இடம் வேண்டுமே! சுருளோட்டிலிருந்து இறங்கி மணக்குடியில் கடலைச் சேரும் பழையாற்றின் இரு மருங்கிலும், ஒன்றின் மறுகால் நீர் மற்றொன்றுக்குப் பாயும்படி, குளத்தின் கீழ்க் குளமாக முன்னோர்கள் வெட்டி வைத்தார்கள். சுசீந்திரம், தேரூர்ப் பகுதிக் குளங்களின் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே காணப்படுகின்றன. பெருங்குளம், பசுங்குளம் என்று அவற்றை உச்சரிக்கும்போதே நாவில் ஈரம் படிகிறது. பிற்காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீரும் கால்வாய்கள் வழியே வந்து இக்குளங்களைக் கோடையிலும் வற்றவிடாமல் காத்தது.

குளம் உழவனுக்காக வெட்டப்பட்டதுதான். ஆனால் விருந்தாளிகள் கேட்காமலே வந்து சேர்ந்தார்கள். வடக்கே நீர்நிலைகள் உறையத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில், ஊசிவால் வாத்துகளும் ஆலாக்களும் தெற்கு நோக்கிப் பறந்து வருகின்றன. குமரிக்கு அப்பால் சமுத்திரம். தரையின் முடிவில் இறங்கிக் களைப்பாற அவற்றுக்குக் கிடைத்தவை இந்தக் குளங்களே. இவற்றின் அருமையை உணர்ந்து, 2022ஆம் ஆண்டில், சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதியையும், நாகர்கோவிலுக்கு மேற்கேயுள்ள வேம்பனூர்க் குளத்தையும், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவித்தார்கள். ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971இல் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பெயரால் வழங்கும் கௌரவம் அது. முன்னது ஏறத்தாழ 94 ஹெக்டேர். பின்னது 20 ஹெக்டேர்கூட இல்லை. அளவில் சிறியவைதான். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மண்வெட்டி பிடித்த பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பு, இன்று உலக வரைபடத்தில் இடம் பெற்றிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் தேரூர்க் குளக்கரைக்குப் போனேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் இதுதான். பனி இன்னும் விலகவில்லை. தாமரை இலைகள் நீரை அறவே மறைத்திருந்தன. கரையிலிருந்து பத்தடி தூரத்தில் ஓர் இலைக்கோழி, தன் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட விரல்களை அகல விரித்து, இலையிலிருந்து இலைக்கு அடியெடுத்து வைத்தது. ஒவ்வொரு அடிக்கும் இலை சற்றே அமிழ்ந்து, விளிம்பில் ஒரு விரல் அளவு நீர் ஏறி, அது காலை எடுத்ததும் முத்துப் போலத் திரண்டு உருண்டு மீண்டும் குளத்தில் விழுந்தது. இந்தப் பறவையினத்தில் முட்டையிடுவது மட்டுமே பெண்ணின் பொறுப்பு; அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பதெல்லாம் ஆண்தான். சற்று அப்பால் இரண்டு பேர் இடுப்பளவு நீரில் நின்று தாமரை மொட்டுகளைப் பறித்து, தோவாளைச் சந்தைக்குக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாரைகள் அவர்களைக் கண்டு அஞ்சவில்லை.

மடையருகே குந்தியிருந்த முதியவர் ஒருவரிடம், “பாட்டா, முன்னைக்கு இப்ப பறவை குறைஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பறவையக் கேக்கிய. வயலக் கேளும் மக்களே. வயலு இருந்தாத்தான் கொளத்த ஒருத்தன் நோக்குவான். வயலே பிளாட்டாப் போச்சுன்னா, பின்ன கொளம் ஆருக்கு வேணும்?”

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. தெய்வத்தின் காவல் மலைமீது இன்னும் இருக்கிறது. அரசனின் மதிலுக்கு வனத்துறை காவலாயிற்று. குளத்துக்கு மட்டும், அதன் காவலனாகிய உழவனே வயலை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லில் நஷ்டம் கண்டு கண்டு அலுத்தவன், மனைக்கு விலை வரும்போது எத்தனை நாள்தான் பொறுப்பான்? ஆனால் வயலுக்கு நீர் தேவையற்றுப் போன பின், மடை தூர்கிறது, மறுகால் அடைகிறது, ஆகாயத்தாமரை படர்கிறது, கரையில் குப்பை விழுகிறது, ஒரு பெருமழையில் குளத்துக்குப் போக வழியில்லாத நீர் வீட்டு முற்றத்துக்கு வந்த பிறகுதான், ‘இங்கே ஒரு கால் ஓடிற்றே’ என்று பெரியவர்கள் நினைவு கூர்கிறார்கள். அரசாங்கம் 2015இல் சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதியை ஒரு பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது நல்ல காரியம். மணக்குடிக் காயலில், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை பாலத்தையே அடித்துச் சென்ற அதே இடத்தில், அலையாத்தி மரங்கள் வேரூன்றி நிற்பதையும் காணலாம். ஆனால் ஒரு குளத்தை அரசாணை மட்டும் காத்துவிடாது. மடையைத் திறந்து மூடுவதற்கும், கரை உடைந்தால் ஊரைக் கூப்பிடுவதற்கும், அந்த ஊரிலேயே பிறந்த ஒருவன் வேண்டும்.

கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கச் செல்லும் அன்பர்களே, திரும்பும் வழியில் சுசீந்திரத்தில் இறங்குங்கள். தாணுமாலயனைத் தரிசித்து, ஸ்தல விருட்சமான கொன்றையையும் கண்டு வணங்கிய பின், சாலை குளத்தை இரண்டாகப் பிரித்துச் செல்லும் இடத்தில் ஓர் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போங்கள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல பருவம். கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் மறவாமல் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். நாகர்கோவிலிலேயே குடியிருக்கும் அன்பர்களுக்கு வேறொரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள குளம் எது, அதற்கு எந்தக் கால்வாயிலிருந்து நீர் வருகிறது, மறுகால் எங்கே போகிறது என்று விசாரித்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அதன் பெயரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.