நாடுகடத்தல் தண்டனையாகுமா?

குற்றம் புரிந்தோன் தண்டனை பெறுதல் முறை. பெற்ற தண்டனையை அனுபவித்தபின் அவன் மீண்டும் சமுதாயத்தில் இடம்பெறுதலும் முறையே. ஆயின், பிறநாடொன்றில் நிரந்தரமாக வதியும் உரிமை பெற்றும் குடியுரிமை பெறாதோனுக்கு இவ்விரண்டாவது வாய்ப்புக் கிட்டுவது உறுதியன்று. சிறைக்கதவு திறக்கும்போதே நாடுகடத்தும் ஆணையும் அவனை எதிர்கொள்ளலாம். இந்நிலை உருவாகிய வாற்றினை ஐக்கிய அமெரிக்காவின் சட்ட வரலாறு நன்கு விளக்குகின்றது.

1893ஆம் ஆண்டில், சீனத் தொழிலாளர் சம்பந்தமான வழக்கொன்றில், நாடுகடத்தல் குற்றத்துக்குரிய தண்டனையன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. தண்டனையெனின், யூரர் விசாரணையும், பின்வந்த சட்டங்கொண்டு முன்செய்த செயலைத் தண்டித்தலாகாது என்னும் விதியும் காவலாக நிற்கும். தண்டனையன்று எனவே, அக்காவல்கள் நீங்கின.

எனினும், 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. தண்டனை விதித்த நீதிபதி, குற்றவாளியை நாடுகடத்தலாகாது எனப் பரிந்துரைப்பின், அரசாங்கம் அதற்குக் கட்டுப்படும். குற்றத்தையும் குற்றவாளியையும் நேரிற் கண்டவர் கையிலே இவ்வதிகாரம் இருந்தது. 1990இல் இது நீக்கப்பட்டது.

1988இல் ‘கடும் பெருங்குற்றம்’ என்றொரு வகை வகுக்கப்பட்டது. கொலை, போதைப்பொருள் வாணிகம், படைக்கல வாணிகம் என்பனவே அதில் முதலில் அடங்கின. 1996ஆம் ஆண்டுச் சட்டங்களோ அதனைப் பெரிதும் விரித்தன. ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்ட களவும் அதனுள் அடங்கிற்று. தண்டனை ஒத்திவைக்கப்பட்டமையால் ஒருநாளேனும் சிறைசெல்லாதவனும் அதற்குத் தப்பவில்லை. பழைய தீர்ப்புகளுக்கும் இவ்வரைவிலக்கணம் பொருந்துவதாயிற்று. அவனது குடும்பநிலை, வதிந்த காலம், திருந்திய ஒழுக்கம் ஆகியவற்றைச் சீர்தூக்கி விலக்களிக்கும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது.

நீதிமன்றம் இக்கடுமையை ஓரளவு தணித்தது. 1996இன் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டோர், அக்காலத்து விலக்கினைக் கோரலாம் என 2001இல் தீர்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வதிந்து, வியட்நாம் போரிலும் பணிபுரிந்த ஒருவரின் வழக்கில், குற்ற ஒப்புதலால் நாடுகடத்தல் விளையுமென வழக்கறிஞர் முன்னரே அறிவுறுத்தல் கடமையென 2010இல் உரைத்தது.

அந்நியரை அகற்றும் உரிமை அரசுக்குண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயின், குழந்தைப் பருவத்தில் வந்தவன் மொழியும் உறவும் அற்ற பிறந்தநாட்டுக்கு அனுப்பப்படுகையில், அவனுக்கு அது சிறையினுங் கொடியது. தண்டனையென்னும் பெயரை நீக்கினும் துன்பம் நீங்காது. ஆகவே, குற்றத்தின் அளவையும் இழப்பின் அளவையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருத்தல் வேண்டும். துலாக்கோல் இல்லாவிடத்து நீதி இல்லை.