கொழும்பு வந்து சேராத ‘கெடிவ் இஸ்மாயில்’

1944 பிப்ரவரி தொடக்கத்தில், கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து ஐந்து துருப்புக் கப்பல்கள் கொழும்புக்குப் புறப்பட்டன. காவலுக்கு ‘ஹாக்கின்ஸ்’ என்ற பழைய க்ரூஸரும், ‘பெட்டார்ட்’, ‘பாலடின்’ என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும். பிப்ரவரி 12 பிற்பகல், மாலத்தீவுக் கடலில், அந்த ஐந்தில் ஒன்றான ‘கெடிவ் இஸ்மாயில்’ மூழ்கியது. கப்பலில் இருந்த 1,511 பேரில் 1,297 பேர் இறந்தனர்.

அந்தக் கப்பல் போருக்கென்று கட்டப்பட்டதல்ல. 1922இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில், சிலி நாட்டு நிறுவனம் ஒன்றுக்காக ‘அகொன்காகுவா’ என்ற பெயரில் உருவான பயணிகள் கப்பல். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 7,500 டன். 1935இல் எகிப்திய நிறுவனம் ஒன்று அதை வாங்கி, சூயஸ் கால்வாய் திறந்தபோது அந்நாட்டை ஆண்டவரின் பெயரைச் சூட்டியது. 1940இல் பிரிட்டன் அதைத் துருப்புக் கப்பலாக்கிக்கொண்டது.

ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கடல் கடத்த அன்று வேறு வழியில்லை. படுக்கை, சமையலறை, வேகம் எல்லாம் பயணிகள் கப்பலில் தயாராக இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: அடி தாங்கும் உடம்பு. போர்க்கப்பலின் உட்புறம் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். சரக்கு அறைகளும் கொதிகலன் அறைகளும் அகன்று கிடக்கும் வணிகக் கப்பலுக்கு அந்தக் காப்பு குறைவு.

ஜப்பானின் ‘ஐ-27’ நீர்மூழ்கி ஏவிய டார்பிடோக்களில் இரண்டு தைத்தன. ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் கதை முடிந்தது. படகை இறக்க நேரமில்லை. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்குப் படியேறவும் நேரமில்லை. பிழைத்தவர்கள் 208 ஆண்கள், 6 பெண்கள். செவிலியர்கள், கடற்படைப் பெண் ஊழியர்கள் உட்பட 77 பெண்கள் மாண்டனர். காமன்வெல்த் நாடுகளின் படைப்பணிப் பெண்கள் ஒரே சம்பவத்தில் இத்தனை பேர் இறந்தது வேறெப்போதும் இல்லை.

இதைவிடக் கொடுமையானது அடுத்து நடந்தது. நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அடியில் பதுங்கியது. அதை விரட்ட, நீருக்குள் வெடிக்கும் குண்டுகளைப் போட வேண்டும். போட்டால் மேலே மிதப்பவர்களும் சாவார்கள். நாசகாரிகள் போட்டன. மீதமிருந்த நான்கு கப்பல்களிலும் ஆட்கள் நிரம்பியிருக்க, நீர்மூழ்கியைத் தப்பவிட முடியாது என்பது தளபதிகளின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை காண முடியவில்லை. நியாயம் என்று சொல்லவும் நா எழவில்லை.

குண்டுவெடிப்பில் நீர்மூழ்கி மேலே வந்தது. பீரங்கிக் குண்டுகள் அதன் தடித்த உடலைத் துளைக்கவில்லை. மோதி உடைக்கப் பாய்ந்த பாலடின், கடைசி நேரத்தில் திரும்பியபோது நீர்மூழ்கியின் பக்கவாட்டுத் துடுப்பு அதன் அடிப்பாகத்தைக் கிழித்துவிட்டது. பெட்டார்ட் ஒன்றன்பின் ஒன்றாக டார்பிடோக்களை ஏவியது, ஏழாவதுதான் பட்டது. ‘ஐ-27’இல் தப்பியவர் ஒரே ஒருவர். ஏற்கெனவே ஜெர்மானிய, இத்தாலிய நீர்மூழ்கிகளை அழித்ததில் பங்கு பெற்றிருந்த பெட்டார்டுக்கு, இதோடு மூன்று எதிரி நாடுகளின் கணக்கும் முடிந்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செவிலியர்களைச் சுற்றியே வரும். ஆனால் கப்பலில் ஏறியவர்களில் பெரும்பான்மையினர் 301ஆவது கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர், 996 பேர். இலங்கையில் திரண்டுகொண்டிருந்த கிழக்கு ஆப்பிரிக்கப் படைகளோடு சேர வந்தவர்கள். அந்தப் படைகள் பின்னர் பர்மா போருக்குப் போயின. கடலில் மாண்ட இந்தப் பீரங்கிப் படையினருக்குக் கல்லறை கிடையாது. நைரோபி போர்க் கல்லறைத் தோட்டத்திலுள்ள கிழக்கு ஆப்பிரிக்க நினைவுச் சின்னம்தான் அவர்களை நினைவுகூர்கிறது.