உங்களுக்குத் தெரியுமா? பாலைவனக் கோடையில் கூடாரம் எங்கே போடுவது?

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் அரிசோனா, நெவாடா, கலிபோர்னியாவின் கிழக்குப் பகுதி மூன்றும் வெயிலுக்குப் பேர் போனவை. ஆனாலும் அங்கே கோடை விடுமுறையில் கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்குக் குறைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் இடம் தேடும்போது ஊர் பெயரையோ தூரத்தையோ முதலில் கேட்பதில்லை. "கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம்?" என்றுதான் கேட்கிறார்கள். ஏன் என்று பார்ப்போமா?

● உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான காற்று வெப்பநிலை 56.7 டிகிரி செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று கலிபோர்னியாவின் டெத் வேலியில், ஃபர்னஸ் கிரீக் என்ற இடத்தில் பதிவானது. அங்கே இன்று முகாம் மைதானமே இருக்கிறது, அதுவும் கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே! குளிர்காலத்தில் இடத்துக்குப் போட்டி. கோடையில் ஏன் போட்டியில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

● அதே டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் மஹாகனி ஃபிளாட் என்றொரு மைதானமும் உண்டு. உயரம் சுமார் 2,500 மீட்டர். கீழே அடுப்பாக எரியும் நாளிலும் மேலே மர நிழலில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். தங்குவதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் குடிநீரும் கிடையாது. கடைசிப் பகுதி கரடுமுரடான மண் பாதை என்பதால் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டிதான் ஏறும்.

● மேலே ஏற ஏறக் காற்று விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். பாலைவனத்தின் வறண்ட பகல் காற்றில் இது 10 டிகிரியைக்கூட நெருங்கும். வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் போனால் கிடைக்கும் குளிர்ச்சி, ஒரு மலை ஏறினாலே கிடைத்துவிடுகிறது.

● "பாலைவனம்தானே, ராத்திரி குளிர்ந்துவிடும்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2012 ஜூலை 12 அன்று டெத் வேலியில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 41.7 டிகிரி! சுற்றிலும் உயர்ந்த மலைகள், நடுவில் ஆழமான பள்ளம். மேலெழும் சூடான காற்று தப்பிக்க வழியில்லாமல் திரும்பத் திரும்பக் கீழே இறங்கி மேலும் சூடாகிறது.

● காற்றைவிடத் தரை மோசம். 1972 ஜூலை 15 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் நிலப்பரப்பின் வெப்பம் 93.9 டிகிரி! பகல் முழுக்க வெயில் குடித்த பாறையும் தாரும் நள்ளிரவு வரை அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். கூடாரம் போடும் திட்டு பகலில் நிழலில் இருந்ததா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

● அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43.3 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. நகரின் உயரம் வெறும் 330 மீட்டர். வடக்கே சுமார் 230 கிலோமீட்டரில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர், ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். வெள்ளிக்கிழமை மாலைகளில் வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏன் நெரிகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

● அந்த ஃபிளாக்ஸ்டாஃபில் ஜூன் மாத இரவுகள் 5 டிகிரிக்கு இறங்குவதுண்டு. பாலைவனத்துக்குத்தானே போகிறோம் என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நடுக்கம்தான்.

● உயரம் காட்டும் கருவி இல்லையா? மரத்தைப் பாருங்கள். கைகளை விரித்து நிற்கும் சகுவாரோ கள்ளி தெரிந்தால் பெரும்பாலும் 1,200 மீட்டருக்குக் கீழே இருக்கிறீர்கள். கோடையில் அங்கே தங்க வேண்டாம். குட்டையான ஜூனிபர் மரங்கள் வந்தால் பாதி ஏறியாயிற்று. நெடிதுயர்ந்த பாண்டரோசா பைன் வந்துவிட்டால் கூடாரத்தை இறக்கலாம்.

● மரங்கள் இப்படி அடுக்கடுக்காக மாறுவதை வைத்தே ஒரு கொள்கை பிறந்தது. 1889-ல் ஃபிளாக்ஸ்டாஃப் அருகிலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களை ஆராய்ந்த சி. ஹார்ட் மெரியம், மலையில் மேலே ஏறுவது வடதுருவத்தை நோக்கிப் பயணிப்பது போன்றது என்று கண்டு 'உயிர் மண்டலங்கள்' என்ற கருத்தை முன்வைத்தார்.

● ஒரு மைதானம் கோடைக்கு ஏற்றதா என்று அறிய, அது எந்த மாதங்களில் பூட்டப்படுகிறது என்று பார்த்தாலே போதும். டூசான் நகரையொட்டிய லெமன் மலைச் சாலையில் சுமார் 1,300 மீட்டரில் இருக்கும் மொலினோ பேசின் கோடையில் மூடப்படும். அதே சாலையில் 2,100 மீட்டரில், சிறு ஏரியோடு இருக்கும் ரோஸ் கேன்யன் கோடையில் திறந்து குளிர்காலத்தில் மூடப்படும்.

● அந்த மலைச் சாலை சிறைக் கைதிகளின் உழைப்பில் போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் மீதான ஊரடங்கையும் வெளியேற்ற உத்தரவையும் ஏற்க மறுத்த கார்டன் ஹிராபயாஷி என்ற மாணவர் தண்டனை அனுபவித்ததும் இங்கேதான். அழைத்துச் செல்ல அரசிடம் பணம் இல்லை என்றதும், வழியில் போகும் வண்டிகளில் தொற்றிக்கொண்டு அவரே வந்து சேர்ந்தார்! 1987-ல் நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. சிறைக்கூடம் இருந்த இடம் இன்று அவர் பெயரையே தாங்கிய முகாம் மைதானம்.

● கிராண்ட் கேன்யன் தலைகீழ் மலை. தங்குமிடங்கள் விளிம்பில் குளுமையாகவும் அடியில் கொதிப்பாகவும் இருக்கும். வடக்கு விளிம்பு சுமார் 2,500 மீட்டர், தெற்கு விளிம்பு 2,100, ஆற்றங்கரையிலுள்ள பிரைட் ஏஞ்சல் மைதானம் 750. மற்ற மலைகளில் களைத்தவர் இறங்கித் தப்பலாம். இங்கே களைத்தவர் ஏறியாக வேண்டும். அதனால்தான் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்துக்குள் நடக்க வேண்டாம் என்று பூங்கா ரேஞ்சர்கள் சொல்கிறார்கள்.

● கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் மலை ஏற வண்டியே வேண்டாம். 1963-ல் திறக்கப்பட்ட ரோப் கார் பத்தே நிமிடத்தில் பாலைவன ஓரத்திலிருந்து 2,596 மீட்டருக்குத் தூக்கிச் சென்றுவிடும். வெப்பம் 15 டிகிரிக்கு மேல் குறையும். அங்கிருந்து நடந்து போய்க் காட்டுக்குள் தங்க முன் அனுமதிச் சீட்டு அவசியம்.

● அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் அரசு நிலத்தில் நீண்ட நாள் முகாமிட அனுமதிக்கும் பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. வீட்டு வண்டிகளோடு குளிர்காலத்தில் நிரம்பி வழியும் அந்த வெளி, கோடையில் வெறிச்சோடிவிடும். பழகியவர்கள் காலி செய்துவிட்ட இடத்தில் புதியவர்களுக்கு என்ன வேலை?

● உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. நெவாடாவின் கிரேட் பேசின் பூங்காவில் வீலர் பீக் மைதானம் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. தாழ்நிலத்திலிருந்து ஒரே மூச்சில் அங்கே போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் நாள் ஓய்வு, நிறைய தண்ணீர், வழியில் நடு உயரத்தில் ஓர் இரவு. இவை உதவும்.

● 2,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது தெரியும், அரிசி வேக வெகுநேரம் ஆகும்! சோறு வேண்டுமென்றால் குக்கரைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

● ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் என்பது பாலைவனப் பூங்காக்கள் சொல்லும் கணக்கு. ஜோஷுவா ட்ரீ பூங்காவின் பெரும்பாலான மைதானங்களில் குழாயே கிடையாது. 'மைதானம்' என்று வரைபடத்தில் போட்டிருப்பதாலேயே தண்ணீர் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

● ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் வறண்ட ஜூன் மாதத்தில் நன்றாகக் குளிரும். ஜூலையில் மழைக்காற்று ஈரத்தோடு வந்தபின் அதே துண்டு அவ்வளவு பயன் தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் துண்டிலிருந்து நீர் வேகமாக ஆவியாகாது.

● ஆம், அந்தப் பாலைவனத்துக்கும் பருவமழை உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலை அலுவலகம் கணக்கு வைத்திருக்கிறது. பிற்பகலில் இடியும் மின்னலும் வழக்கம். மலை முகட்டிலும் தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியிலும் கூடாரம் கூடாது.

● மெத்தென்ற மணலோடு சமதளமாகக் கிடக்கும் காய்ந்த ஓடைப் படுகைதான் கண்ணுக்கு நல்ல இடமாகத் தெரியும். அதுதான் மிக ஆபத்தான இடம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனது. மழை கொட்டியது அங்கே அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி!

● அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஜூனில் ஃபீனிக்ஸில் காலை 5.20-க்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். கிழக்கே ஒரு குன்றோ மரக்கூட்டமோ இருக்கும் இடத்தைப் பிடித்தால் தூக்கம் இன்னும் ஒரு மணி நேரம் நீளும்.

● 2011-ல் அரிசோனாவில் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் எரித்த வாலோ காட்டுத்தீ, சரியாக அணைக்கப்படாத ஒரு முகாம் நெருப்பிலிருந்து கிளம்பியது. கோடையில் பல காடுகளில் விறகும் கரியும் எரிக்கத் தடை வரும். திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. காடே மூடப்படுவதும் நடக்கும். ஆகவே கிளம்பும் நாளன்று ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

● கடும் வெயிலில் காற்று மெலிந்துபோவதால் ஹெலிகாப்டரும் மேலெழும்பத் திணறும். 2024 ஜூலையில் டெத் வேலியில் 53 டிகிரியில் ஒரு மோட்டார் சைக்கிள் பயணி உயிருக்குப் போராடியபோது, இந்தக் காரணத்தால் மீட்பு ஹெலிகாப்டர் வர முடியவில்லை.

● அரிசோனாவின் பட்டைத் தேள் செங்குத்தான சுவரிலும் ஏறும். புற ஊதாக் கைவிளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். படுக்கும் முன் ஒரு சுற்று, காலையில் ஷூவை ஒரு உதறு. உயரமான காடுகளில் தேளுக்குப் பதில் கரடி. அங்கே உணவைக் கூடாரத்தில் வைக்காமல் மைதானத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும்.

● குளுமையான மைதானங்களில் பலவற்றுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே இணையத்தில் முன்பதிவு தொடங்கிவிடும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். தேசியக் காடுகளில் பல இடங்களில், மைதானத்துக்கு வெளியே 14 நாட்கள் வரை இலவசமாகத் தங்கலாம். கழிப்பறை, தண்ணீர், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது என்பதுதான் நிபந்தனை.

ஆக, ஜூலை மாதத்தில் 2,000 மீட்டருக்கு மேல், காய்ந்த ஓடையிலிருந்து விலகி, தண்ணீரோடு ஓர் இடம் கிடைத்தால் பாலைவனக் கோடை சுகமானதே. முன்பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் அந்த இடத்தின் பகல் வெப்பத்தை மட்டும் பார்க்காமல், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். அது 25 டிகிரிக்கு மேல் இருந்தால் இன்னும் மேலே ஏறுங்கள். ஏற மலை இல்லையென்றால் பயணத்தை நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள்.